செம்மல்வைஸ் நடைச்சுற்றுலா, புடாபெஸ்ட்: ஐந்துக்கு மூன்று

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போட்டிருக்கிறேன். அதில் இரண்டு, முடிவில் போகிற அருங்காட்சியகத்துக்கு. ஒன்று, நடந்த தெருக்களுக்கு. கதை சொன்ன விதத்துக்கு எதுவும் போட மனம் வரவில்லை. காசு கட்டும் முன் ஏன் என்று படித்துவிடுங்கள்.

நான் தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி பிரசவ வார்டு. மகளுக்குப் புடாபெஸ்டில் வேலை. அவளோடு இருக்கப் போனபோது, "அம்மா, உன் தொழில் சம்பந்தப்பட்ட சுற்றுலா ஒன்று இருக்கிறது" என்று அவளே பதிவுசெய்தாள். நடத்தும் நிறுவனத்தின் பெயர் வேண்டாம்; வழிகாட்டியாக வந்த பையனின் பெயரும் வேண்டாம். நல்ல பையன். குறை அவன் மனப்பாடம் செய்திருந்த கதையில்தான்.

ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். சுமார் மூன்று மணி நேரம். தலைக்கு 9,000 ஃபோரிண்ட், நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அருங்காட்சியக நுழைவுச்சீட்டு இதில் அடங்காது என்பதை அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் வாசலில் வந்துதான் அதைத் தெரிந்துகொண்டார்கள்.

இக்னாஸ் செம்மல்வைஸ் 1818-இல் புடாவில், அதாவது இன்றைய புடாபெஸ்டின் ஒரு கரையில், பிறந்த மருத்துவர். வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவராக இருந்தபோது, 1847-இல், பிள்ளை பெற்ற பெண்களைக் கொன்றுகொண்டிருந்த காய்ச்சலுக்குக் காரணம் மருத்துவர்களின் கைதான் என்று கண்டுபிடித்தார். ஏற்கவேண்டியவர்கள் ஏற்கவில்லை. 1865-இல் மனநோய் விடுதியில், 47 வயதில் இறந்தார். இறந்து வெகுகாலம் கழித்துச் சிலை, தெரு, பல்கலைக்கழகம் எல்லாம் அவர் பெயரில் வந்தன. 'தாய்மார்களைக் காத்தவர்' என்ற பட்டமும் வந்தது. வாழும்போது மதிக்கப்படாமல் பின்னால் கொண்டாடப்பட்டவர்கள் பட்டியலை யார் எழுதினாலும் இவர் அதில் இருப்பார்.

நடை தொடங்குவது பிளாஹா லூய்ஸா சதுக்கத்து மெட்ரோ வாசலில். அங்கிருந்து ராகோட்சி சாலையில் சில நிமிடம் நடந்தால் ரோகுஷ் மருத்துவமனை. அதன் முன்னால் ஸ்ட்ரோப்ல் என்ற சிற்பி 1906-இல் செய்த செம்மல்வைஸ் சிலை நிற்கிறது. டாக்டர் மேலே பீடத்தில். அடியில் கைக்குழந்தையோடு ஒரு தாய், அவரை அண்ணாந்து பார்த்தபடி. "அவள் கண்ணில் தெரியும் நன்றியைப் பாருங்கள்" என்றான் வழிகாட்டி. எல்லாரும் படம் எடுத்தார்கள். பிள்ளை பெற்றவளைக் கல்லில் உட்கார வைத்திருக்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. அது தொழில் புத்தி.

சிலையைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் போனது. பின்னால் இருந்த மருத்துவமனையைப் பற்றி அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "இங்கே சில காலம் வேலை பார்த்தார்." சொல்லவேண்டியது எவ்வளவோ இருக்கிறது. வியன்னாவில் பதவி நீட்டிப்புக் கிடைக்காமல், 1850-இல் நண்பர்களிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் ஊரின் மறுகரையான பெஸ்டுக்குத் திரும்பியவர், 1851-இல் இந்த ரோகுஷில் பிரசவ வார்டுக்குச் சம்பளமில்லாத தலைமை மருத்துவராகச் சேர்ந்தார். ஆறு ஆண்டுகளில் இங்கே நடந்த பிரசவம் 933. காய்ச்சலில் இறந்தவர்கள் 8 பேர். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு வார்டை ஆறு வருடம் அப்படி வைத்திருப்பது என்றால் என்னவென்று அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். படுக்கை விரிப்பிலிருந்து ஆயா கையிலிருக்கும் வாளி வரை தினமும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு நாள் கண் அசந்தால் போயிற்று. சிலையைவிட அந்தக் கட்டடத்தின் முன்னால் நிற்பதற்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அஸ்டோரியாவை நோக்கி நடை. ராகோட்சி சாலையில் வண்டிச் சத்தம் அதிகம். காதில் மாட்டக் கொடுத்த கருவி விட்டுவிட்டுத்தான் கேட்டது. செம்மல்வைஸ் தெருவுக்குள் திரும்பியதும் அமைதி. முன்பு இது ஊய்விலாக் தெரு. அவர் பேராசிரியராக இருந்த மருத்துவப் பீடம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கேயே ஒரு காபிக் கடையில் அரைமணி நேரம் நிறுத்திவிட்டார்கள். காபிக்கும் தனிக்காசு. கதையின் முக்கியப் பகுதியை அந்தக் கடை வாசலில்தான் சொன்னான்.

அவன் சொன்ன கதை இது: அந்தக் காலத்து மருத்துவர்கள் பிணத்தை அறுத்த கையைக் கழுவாமல் அப்படியே பிரசவம் பார்க்க வந்தார்கள், செம்மல்வைஸ் என்ற ஒரு இளைஞர் மட்டும் "சோப்புப் போட்டுக் கழுவுங்கள்" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், ஒருவர்கூட நம்பவில்லை, கடைசியில் பைத்தியம் என்று அடைத்துவிட்டார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கையைத் தூக்கிவிட்டேன். மகள் தமிழில், "அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாள்.

சோப்புப் போட்டுக் கழுவித்தான் வந்தார்கள். அதுதான் விஷயமே. கழுவிய பிறகும் கையில் பிண நாற்றம் போகவில்லை. நாற்றம் போகவில்லை என்றால் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள் என்று செம்மல்வைஸ் யோசித்தார். நாற்றத்தைப் போக்குகிற பொருளாகப் பார்த்துக் குளோரின் நீரைத் தேர்ந்தெடுத்தார். அது விலை அதிகம் என்பதால் பிறகு குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக்கு மாறினார். வேறொன்றுமில்லை, நம் ப்ளீச்சிங் பவுடர்தான். திருவிழா முடிந்ததும் நகராட்சிக்காரர்கள் தெருவோரம் கோடு போட்டுத் தூவிக்கொண்டு போகிறார்களே, அதே சரக்கு. அதைக் கரைத்த தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வரவேண்டும் என்று 1847 மே மாதம் உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டு சொச்சமாக இறங்கியது. மறுவருடம், 1848-இல், இரண்டு மாதங்களில் அந்த வார்டில் ஒரு தாய்கூட இறக்கவில்லை. கிருமியால் நோய் வரும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளாத காலம் அது. மூக்கை நம்பியே ஒருவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இதைச் 'சோப்புப் போடச் சொன்னார்' என்று சுருக்கினால், மற்றவர்கள் ஏன் திணறினார்கள் என்பதும் புரியாது. இவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதும் புரியாது.

ஆனால் எனக்கு வந்த கோபம் சோப்புக்காக அல்ல. 'ஒருவருக்கும் புரியவில்லை, அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது' என்பதற்காக. அவருக்கு முன்பே அந்த வார்டைப் புரிந்துவைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அந்த வார்டுக்குப் பிள்ளை பெற வந்த ஏழைப் பெண்கள்.

வியன்னா மருத்துவமனையில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள். 1840-லிருந்து முதல் பிரிவு மருத்துவ மாணவர்களுக்கு, இரண்டாம் பிரிவு மருத்துவச்சிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. ஒரே கூரை, ஒரே காற்று, ஒரே சாப்பாடு. 1841 முதல் 1846 வரை முதல் பிரிவில் 20,042 பிரசவம், 1,989 சாவு. இரண்டாம் பிரிவில் 17,791 பிரசவம், 691 சாவு. அதாவது அங்கே நூற்றுக்குப் பத்து, இங்கே நான்குக்கும் குறைவு. ஒரு நாள் முதல் பிரிவு, மறுநாள் இரண்டாம் பிரிவு என்று மாறி மாறிச் சேர்த்துக்கொள்வார்கள். மாலை நான்கு மணிக்கு முறை மாறும். வாரக்கடைசியில் முதல் பிரிவுக்கு ஒரு நாள் கூடுதல்.

இந்தக் கணக்கை எந்தப் பெண்ணுக்கும் யாரும் காட்டவில்லை. ஆனாலும் ஊருக்கே தெரிந்திருந்தது. முதல் பிரிவின் முறை என்று தெரியாமல் வந்து சேர்ந்துவிட்டவர்கள், முழங்காலில் விழுந்து, கையைப் பிசைந்துகொண்டு, வெளியே விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள் என்று செம்மல்வைஸே எழுதிவைத்திருக்கிறார். இன்னொன்றும் குறித்திருக்கிறார். வழியில் பிரசவமாகிவிட்டாலும், குழந்தையை அரசு இல்லத்தில் விடும் சலுகை அந்தப் பெண்களுக்கு உண்டு. ஆகவே சிலர் வெளியிலேயே பெற்றுக்கொண்டு, வழியில் வலி எடுத்துவிட்டது என்று சொல்லி வந்தார்கள். முதல் பிரிவில் படுத்துப் பெற்றவர்களைவிட அப்படிப் பெற்றவர்களுக்குக் காய்ச்சல் மிகவும் குறைவு. குதிரைவண்டியின் தரை அந்தக் கட்டிலைவிடப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

நம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்த எவருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. இங்கேயும் யூனிட் முறை உண்டு. அட்மிஷன் நாள் மாறி மாறி வரும். வலி எடுத்த பெண்ணை ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே, "இன்றைக்கு யார் யூனிட், சிஸ்டர்?" என்று கேட்கிற மாமியார்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! எந்த யூனிட்டில் கத்தி முந்தும், எங்கே பொறுமையாகப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் பஸ் நிலையத்துப் பூக்காரிக்குத் தெரிந்திருக்கும். ஜன்னி கண்டு செத்துப்போன பெண் ஒருத்தியாவது இல்லாத தெருவே எங்கள் பாட்டி காலத்தில் கிடையாது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள் குளிர் எடுக்கும், வயிறு ஊதும், பிதற்றல் வரும், முடிந்துவிடும். எந்த மருத்துவச்சி வந்த வீட்டில் அது அடிக்கடி நடக்கிறது என்பதைப் பெண்கள் நடைக்கல்லில் உட்கார்ந்து பேசிப் பேசியே தெரிந்துவைத்திருந்தார்கள்.

வியன்னாவில் அதைப் பேசியவர்கள் மணமாகாத வேலைக்காரப் பெண்கள், கூலிக்காரப் பெண்கள். அவர்கள் பேச்சை மருத்துவர்கள் பயம் என்றே எடுத்துக்கொண்டார்கள். பயமே காய்ச்சலுக்குக் காரணம் என்றுகூட ஒரு கருத்து இருந்தது. அதற்காகச் செம்மல்வைஸ் ஒரு சோதனையும் செய்தார். சாகப்போகிறவளுக்குச் சடங்கு செய்ய வருகிற பாதிரியார் மணியடித்துக்கொண்டு வார்டுகளைத் தாண்டித்தான் போவார். அவரை மணியில்லாமல், சுற்றுவழியாக வரச் சொன்னார். சாவு குறையவில்லை. இரண்டாம் பிரிவில் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிரசவம் பார்க்கிறார்கள் என்று இங்கேயும் அப்படியே செய்து பார்த்தார். குறையவில்லை. விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்து, வெளிநாட்டு மாணவர்கள் முரட்டுத்தனமாகப் பரிசோதிப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, மாணவர் எண்ணிக்கையை 42-லிருந்து 20 ஆக்கியது. விசாரணைக் குழுக்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு நண்பரின் சாவில். தடயவியல் பேராசிரியர் கொலெட்ச்கா ஒரு பிணப் பரிசோதனையில் இருந்தபோது, மாணவனின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. சில நாட்களில் இறந்தார். வெனிசுக்குப் போயிருந்த செம்மல்வைஸ் 1847 மார்ச்சில் திரும்பிவந்து அறிக்கையைப் படித்தார். பிரசவ ஜன்னியில் இறந்த பெண்களின் உடலுக்குள் என்ன இருந்ததோ அதுவே நண்பரின் உடலுக்குள்ளும் இருந்தது. இந்த இடத்தை வழிகாட்டி நன்றாகவே சொன்னான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அடுத்ததைச் சொல்லவில்லை. தினமும் காலையில் வார்டுக்குப் போகும் முன் சவக்கிடங்குக்குப் போய், இறந்த பெண்களை அறுத்துப் பார்த்துக் காரணம் தேடியவர் செம்மல்வைஸ்தான். அந்த அக்கறையே அவர் கையை மற்றவர்களின் கையைவிட ஆபத்தாக்கியது. தன்னால் எத்தனை பெண்கள் காலத்துக்கு முன்பே குழிக்குப் போனார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று அவரே எழுதினார். கீல் நகரத்தில் மிகேலிஸ் என்றொரு பிரசவ மருத்துவர். இந்தக் கண்டுபிடிப்பை உடனே ஏற்று, தன் மருத்துவமனையில் குளோரின் கழுவலைக் கொண்டுவந்தவர். தான் பிரசவம் பார்த்த உறவுக்காரப் பெண் ஒருத்தி காய்ச்சலில் இறந்ததற்குத் தன் கைதான் காரணம் என்பதைத் தாங்க முடியாமல் 1848-இல் ரயில் முன் விழுந்து செத்தார்.

கையைக் கழுவுங்கள் என்று சொன்னால் ஏன் இவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. அந்தப் பேராசிரியர்கள் முட்டாள்கள் அல்ல. இதை ஏற்றுக்கொள்பவர், இத்தனை வருடம் இத்தனை பேரைக் கொன்றது நான் என்று ஏற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. எத்தனை பேரால் முடியும்? மிகேலிஸால் முடிந்தது, அவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தோம். இதைவிட்டுவிட்டு, சிரித்தார்கள், கேலி செய்தார்கள் என்று சொன்னால் காபிக் கடை வாசலில் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். நாமாக இருந்தால் நம்பியிருப்போம் என்ற நினைப்பு கேட்பவருக்கு வந்துவிடுகிறது. சுற்றுலாக்காரர்களுக்கு அது வசதி.

ஒருவர்கூட நம்பவில்லை என்பதும் சரியில்லை. தோல் மருத்துவத்தில் பெரிய பெயரான ஹெப்ரா, செம்மல்வைஸ் எழுதாததை அவர் சார்பில் 1847 டிசம்பரிலேயே மருத்துவ இதழில் எழுதினார். ஸ்கோடா மேடையில் பேசினார். ரொகிடான்ஸ்கி துணை நின்றார். வியன்னா மருத்துவத்தின் மூன்று தூண்கள் இவர் பக்கம். செம்மல்வைஸ் தாமே உட்கார்ந்து புத்தகம் எழுதி முடித்தது 1860-இல். அட்டையில் 1861 என்று இருக்கும். பதின்மூன்று வருடம் தாமதம். அதன் பிறகு எதிர்த்தவர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள். வூர்ட்ஸ்பர்க் பேராசிரியர் ஸ்கான்சோனியைக் கடவுள் சாட்சியாகக் கொலைகாரர் என்றே எழுதினார். விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. ஆனால் நான் கண்ட வரையில், வார்டில் கத்துகிற ஆளுக்கு முன்னால் எல்லாரும் கை கழுவுவார்கள்; அவர் முதுகைத் திருப்பினால் நிறுத்திவிடுவார்கள். எங்கள் காலத்தில் லேபர் வார்டு வாசலில் ஸ்டாண்டில் லோஷன் பேசின் இருக்கும். பெரிய டாக்டர் அதைக் கவனிக்காமல் உள்ளே போனால், தலைமை சிஸ்டர் ஒன்றும் பேசமாட்டார். ஒரு மாணவி மக்கில் தண்ணீரோடு குறுக்கே வந்து, "ஊற்றட்டுமா சார்?" என்று நிற்பாள். எத்தனை கோபக்காரராக இருந்தாலும் கையை நீட்டிவிடுவார். செம்மல்வைஸுக்கு அப்படிப்பட்ட ஒரு தலைமை சிஸ்டர் வாய்க்கவில்லை.

இன்னொரு சம்பவம். 1847 அக்டோபரில் முதல் பிரிவின் வரிசைக் கட்டிலில் முதலாவதாகப் படுத்திருந்தவளுக்குக் கருப்பையில் சீழ் வடியும் புற்று. அவளைப் பரிசோதித்த கையைச் சாதாரணமாகக் கழுவிக்கொண்டு வரிசையில் அடுத்தடுத்த பெண்களைப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் இறந்தார்கள். பிணம் மட்டுமல்ல, உயிருள்ள நோயாளியிடமிருந்தும் இது வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. வார்டுக்குள் நுழையும்போது மட்டும் போதாது, ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் கழுவு என்ற விதி அங்கே பிறந்தது. இன்றைக்கும் உலகத்தில் அதிகமாக மீறப்படுகிற விதி இதுவாகத்தான் இருக்கும். சுற்றுலாவில் இது இல்லை.

காபிக் கடையிலிருந்து எலிசபெத் பாலம். ஆற்றின் நடுவில் படம் எடுக்க ஒரு நீண்ட இடைவேளை. காற்று காதை அறுக்கும், தலைக்கு ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் டாபான் பகுதி, அரண்மனைக் குன்றின் அடிவாரம். அப்ரோட் தெரு 1–3. செம்மல்வைஸ் பிறந்த வீடு அதுதான். இப்போது மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம், 1965-இல் திறந்தார்கள். அவருடைய அப்பா இதே கட்டடத்தில் 'வெள்ளை யானை' என்ற பெயரில் மளிகை, மசாலாச் சாமான் வியாபாரம் செய்தார். பத்துப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது.

இந்த இடத்துக்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பழைய பிரசவக் கருவிகள், பெஸ்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த 'பரிசுத்த ஆவி' மருந்துக்கடை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிளாரன்ஸில் செய்த மெழுகுப் பெண்ணுடல். மருந்துக்கடையின் மர அலமாரிகளில் வரிசையாகப் பீங்கான் ஜாடிகள். எனக்குக் கால்வலி மறந்துபோனது அங்கேதான். இரும்பு ஆயுதங்களைப் பார்த்தபோது, பெயர் தெரியாதவற்றைக்கூட எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும் என்று என் கைக்குத் தெரிந்தது. மகள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

முற்றத்துச் சுவரில் செம்மல்வைஸின் எலும்புகள் இருக்கின்றன. முதலில் வியன்னாவில் புதைத்து, 1891-இல் புடாபெஸ்டுக்குக் கொண்டுவந்து, 1964-இல் பிறந்த வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பக்கத்தில் மிக்லோஷ் போர்ஷோஷ் செய்த தாய் சிலை ஒன்று. இந்தத் தாய் யாரையும் அண்ணாந்து பார்க்கவில்லை. ரோகுஷ் வாசலில் இருப்பதைவிட எனக்கு இவளைப் பிடித்தது.

இங்கேதான் வழிகாட்டி அவருடைய முடிவைச் சொன்னான், குரலைத் தாழ்த்தி, நாடகம்போல். 1865 ஜூலை இறுதியில், புதிய மருத்துவ நிலையத்தைப் பார்க்கலாம் என்று சொல்லி ஹெப்ராவே அவரை வியன்னாவில் ஒரு மனநோய் விடுதிக்கு அழைத்துப்போனார். விஷயம் தெரிந்து வெளியேறப் பார்த்தவரைக் காவலாளிகள் அடித்துக் கட்டிப்போட்டார்கள். இரண்டு வாரத்தில் காயத்தில் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறி இறந்தார். தாய்மார்களைக் கொன்ற அதே வகை நோய். உடலை அறுத்துப் பார்த்ததும் அதே வியன்னா பொது மருத்துவமனையில்தான். உண்மையாகவே நடந்தது, அதற்கு மேல் குரல் நடுங்கவேண்டிய அவசியமில்லை. கடைசி ஆண்டுகளில் அவருக்கு இருந்தது என்ன நோய் என்று மருத்துவர்கள் இன்றும் பலவிதமாகச் சொல்கிறார்கள். 'உலகம் அவரைப் பைத்தியமாக்கியது' என்று வழிகாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டான். அவர் மனைவி மரியா, சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அந்த ஆண்டுகளில் வீட்டில் என்ன பாடு பட்டிருப்பாள் என்று எனக்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அறுவை மருத்துவர் லிஸ்டர் 1867-இல் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தோடு வந்ததும், 1879-இல் பாஸ்டர் பாரிஸில் ஒரு கூட்டத்தில் கரும்பலகையில் இந்தப் பிரசவக் காய்ச்சலின் கிருமியைச் சங்கிலிபோல் வரைந்து காட்டியதும் நமக்குத் தெரிந்த கதைதான். அதை வழிகாட்டி சரியாகச் சொன்னான், சீக்கிரமாகவும்.

அருங்காட்சியகத்துக்குள் கொடுத்த நேரம் இருபத்தைந்து நிமிடம். காபிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. குழு கலைந்த பிறகு நாங்கள் இருவரும் மறுபடியும் உள்ளே போனோம்.

நர்சிங், மருத்துவம் படித்தவர்கள் இந்தச் சுற்றுலாவுக்குக் காசு கட்டவேண்டாம். மெட்ரோவில் பிளாஹா லூய்ஸா சதுக்கத்தில் இறங்கி ரோகுஷைப் பார்த்துவிட்டு, நேரே அப்ரோட் தெருவுக்குப் போய்விடுங்கள். மிச்சமாகும் நேரத்தை முழுவதும் உள்ளே செலவிடலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். செம்மல்வைஸ் பெயரையே கேள்விப்படாதவர்களுக்கும், ஊரையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இந்த நடை பரவாயில்லை. முட்டி வலி உள்ளவர்கள் பாலத்தை யோசித்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்கார இடமில்லை. கழிப்பறை வசதி காபிக் கடையிலும் அருங்காட்சியகத்திலும் மட்டும்.

ஊர் திரும்பும் முன் அந்த நிறுவனத்துக்கு மகள் மூலம் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். சோப்புக் கதையைத் திருத்துங்கள். சேர்க்கை நாள் முறையையும், முழங்காலில் விழுந்த பெண்களையும் ஐந்து நிமிடமாவது சொல்லுங்கள். காபியைக் கொஞ்சம் குறைத்தால் அதற்கு நேரம் கிடைக்கும் என்று எழுதினேன். இரண்டாம் நாளே பதில் வந்தது. தங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி என்று இருந்தது. கூடவே, அவர்கள் நடத்தும் இன்னொரு சுற்றுலாவுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. அது ஊரிலுள்ள கேக் கடைகளைச் சுற்றிக் காட்டுவது. மகளுக்குச் சர்க்கரை இல்லை என்பதால் அவளிடமே கொடுத்துவிட்டேன்.